பித்தப்பையின் பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு விளக்கம். நியூரோஎண்டோகிரைன் செல் என்பது நரம்புச் செல்லின் சாயலும் ஹார்மோன் சுரக்கும் தன்மையும் கொண்ட செல்; அந்த வகைச் செல்களாலான, வேகமாகப் பரவும் அரிய பித்தப்பைப் புற்றுநோய் (கார்சினோமா) பற்றியது இது. இதில் வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்ல. இந்த நோய் எப்படித் தலைகாட்டும், சிகிச்சை எந்தெந்த இடத்தில் தடம் மாறும் என்பதைக் காட்டுவதற்காகக் கோத்தமைத்த மாதிரி நிகழ்வு இது. மருந்தளவுகளும் வரம்புகளும் மேற்கோள் காட்டும் ஆய்வு முடிவுகளும் நடைமுறையில் உள்ளவையே.

வந்த விதம்

58 வயதுப் பெண். ஆறு வாரமாக வலது விலா எலும்புக்குக் கீழே மந்தமான வலி. சாப்பிட்ட பிறகு சற்றுக் கூடும், ஆனால் சாப்பிடாவிட்டாலும் விடாது. பசி குறைந்து 5 கிலோ எடை இறங்கியிருக்கிறது. மஞ்சள் காமாலை இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்றில் நீர் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பித்தப்பைக் கல் இருப்பது தெரியும். தொந்தரவு இல்லை என்பதால் அப்படியே விட்டிருந்தார். நெஞ்செரிச்சலுக்காகப் பல மாதங்களாகப் பான்டோப்ரசோல் சாப்பிட்டு வருகிறார். இந்த மாத்திரை பின்னால் ஒரு இடத்தில் குழப்பம் செய்யப்போகிறது.

கல்லால் வரும் வலி வந்து போகும். சில மணி நேரம் பிடித்துவிட்டு விட்டுவிடும். இடைப்பட்ட நாட்களில் ஆள் நன்றாக இருப்பார். வாரக்கணக்கில் நிற்காத வலியும் எடை இழப்பும் சேர்ந்து வந்தால், கல் இருக்கிறது என்பது காரணம் ஆகிவிடாது.

முதல் அல்ட்ராசவுண்ட் அறிக்கை "கற்களுடன் நாள்பட்ட அழற்சி, சுவர் தடித்துள்ளது" என்றது. இந்த வரிதான் பல நோயாளிகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தைத் தின்றுவிடுகிறது. பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியிருந்தால் எத்தனை மி.மீ., சுற்றிலும் சீராகவா அல்லது ஒரு பக்கம் மட்டுமா, கல்லீரலோடு உள்ள எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறதா என்று அறிக்கை சொல்ல வேண்டும். கல்லின் நிழல் பின்னாலிருக்கும் கட்டியை மறைத்துவிடும். நோயாளியை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி மறுபடி பார்த்தால் கல் உருளும், கெட்டியான பித்தக் கசடு மெதுவாக வழியும், கட்டி அசையாது. டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்தால் அது கசடு அல்ல. அப்படித் திரும்பப் பார்த்தபோது பித்தப்பையின் அடிப்பகுதியிலும் உடல் பகுதியிலுமாக 5.2 செ.மீ. கட்டி தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை: பிலிருபின் 0.9 மி.கி./டெ.லி., ஆல்கலைன் பாஸ்படேஸ் சற்றுக் கூடுதல், ஆல்புமின் 3.6 கிராம். பித்தப்பை, குடல் புற்றுநோய்களில் ஏறக்கூடிய ரத்தக் குறியீடுகளான சி.ஏ. 19-9 அளவு 31, சி.இ.ஏ. 2.8, இரண்டும் இயல்பு வரம்புக்குள். செல்கள் வேகமாகப் பெருகி அழியும்போது ஏறும் எல்.டி.எச். நொதி மட்டும் கூடுதல், 410.

படங்கள் சொன்னது

மூன்று கட்ட சி.டி. ஸ்கேனில் கட்டி பித்தப்பைப் படுக்கை வழியாகக் கல்லீரலின் 4பி, 5ஆம் பகுதிகளுக்குள் 2 செ.மீ. ஆழம் ஊடுருவியிருந்தது. பொதுப் பித்தநாளத்தில் தொல்லை இல்லை. வலது கல்லீரல் தமனியும் போர்ட்டல் நாளமும் விட்டு விலகியே இருந்தன. ஆனால் கணையத் தலைக்குப் பின்னால் 3.4 செ.மீ. நிணநீர்க் கணு ஒன்று. பெருந்தமனிக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் இடையில் 1.4 செ.மீ. கணு இன்னொன்று.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது கட்டியின் அளவு அல்ல, பொருத்தமின்மை. இவ்வளவு பெரிய கட்டி இருந்தும் பித்தநாளம் அடைபடவில்லை. கணுக்களோ மூலக்கட்டியோடு போட்டி போடும் அளவுக்குப் பெருத்திருக்கின்றன. கட்டியின் மேல் சில இடங்களில் உட்சுவர்ச் சவ்வு முழுதாக, மெல்லிய வெள்ளைக் கோடாகத் தொடர்கிறது. வழக்கமான பித்தப்பைப் புற்றுநோயான, சுரப்பி வகை அடினோகார்சினோமா அந்தச் சவ்விலேயே தொடங்குவதால் அதைத் தின்றுகொண்டே வளரும். நியூரோஎண்டோகிரைன் கட்டி சவ்வுக்கு அடியில் பருத்து அதை மேலே தள்ளுவது உண்டு. எம்.ஆர்.ஐ. டிஃப்யூஷன் படத்தில் கட்டி பளிச்சென்று ஒளிர்ந்தது, செல்கள் நெருக்கி அடைந்திருப்பதன் அடையாளம். இவற்றில் எதுவும் தனியாக நோயைச் சொல்லிவிடாது. ஆனால் எல்லாம் சேர்ந்து, அதோடு சி.ஏ. 19-9 இயல்பாகவும் இருந்தால், "இது வழக்கமான பித்தப்பைப் புற்றுநோய்தானா?" என்ற கேள்வி எழுந்தாக வேண்டும்.

சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களை ஒளிரச் செய்யும் எஃப்.டி.ஜி. பெட்-சி.டி.யில் மூலக்கட்டி, இரண்டு கணுக்கள் ஆகிய மூன்றும் தீவிரமாக ஒளிர்ந்தன. நுரையீரலில் எதுவும் இல்லை. மூளை எம்.ஆர்.ஐ. சுத்தம்.

நியூரோஎண்டோகிரைன் செல்களின் சுரப்புத் துகள்களில் உள்ள புரதமான குரோமோகிரானின் ஏ அளவை ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையையும் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். இயல்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. இதை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த அளவு தானாகவே ஏறும்; சரியாகப் பார்க்க வேண்டுமானால் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இன்னொரு பக்கம், வேகமாகப் பெருகும் கார்சினோமாவின் செல்களில் சுரப்புத் துகள்களே குறைவு. நோய் முற்றியிருந்தும் குரோமோகிரானின் இயல்பாக இருக்கலாம். ஏறினாலும் பொருளில்லை, ஏறாவிட்டாலும் பொருளில்லை என்ற பரிசோதனைக்காக இரண்டு வாரம் காத்திருப்பது இந்த நோயில் கட்டுப்படியாகாது.

ஊசி போடலாமா?

பித்தப்பைக் கட்டியை முழுதாக எடுக்க முடியும் என்று தெரிந்தால் வயிற்றுச்சுவர் வழியாக ஊசி போட்டுத் திசு எடுப்பதில்லை. ஊசி போன பாதையிலும் வயிற்றறைச் சவ்விலும் செல்கள் சிந்தும். இந்த விதி சரியானது. அதை மீறக் காரணம் வேண்டும். இங்கே காரணம் இருந்தது. பெருந்தமனி ஓரக் கணுவில் நோய் இருந்தால் அது தொலைபரவல் கணக்கில் சேரும். நேராகக் கத்தி வைப்பது சரியல்ல. ஆகவே திசு தேவை, அதுவும் சிந்தாத வழியில்.

சிறுகுடலின் முதல் வளைவிலிருந்து எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக, கணையத் தலைக்குப் பின்னுள்ள கணுவில் 22 கேஜ் திசு ஊசியால் மூன்று முறை எடுக்கப்பட்டது. இந்த ஊசிப் பாதை கணுவுக்குத்தான் போகிறது, பித்தப்பையைத் தொடுவதில்லை.

எடுத்த திசுவைக் கையாளும் விதத்திலேயே பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா செல்கள் மிக மென்மையானவை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்தால் உட்கரு நூலாக இழுபட்டு நீலக் கோடுகளாகிவிடும். பிறகு எந்தச் சாயமும் காப்பாற்றாது. ஊசியிலிருந்து திசு நூலை அப்படியே 10% நடுநிலை ஃபார்மலினுக்குள் விட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். மூன்றில் ஒரு எடுப்பை மூலக்கூறு (மரபணு) பரிசோதனைக்கென்று தனி மெழுகுக் கட்டையில் பதித்து வைக்கச் சொல்லி விண்ணப்பத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு கேட்டால், சாயங்களுக்கே கட்டை தீர்ந்திருக்கும்.

கண்ணாடியில் தெரிந்தது

மூன்றாம் நாள் வந்த முதல் அறிக்கை: "மிகக் குறைந்த வேறுபாடுள்ள கார்சினோமா, பித்தப்பையிலிருந்து பரவியதாக இருக்கலாம்." அதாவது, இயல்பான செல்லின் சாயலைப் பெரிதும் இழந்த புற்றுநோய். பித்தப்பையில் கட்டி, கணுவில் கார்சினோமா என்று எல்லாம் பொருந்திப் போவதால் இந்த அறிக்கையோடு ஜெம்சிடபின்-சிஸ்பிளாட்டின் தொடங்கிவிடும் வாய்ப்பு மிக அதிகம். 2010இல் வெளியான ஏ.பி.சி.-02 ஆய்வுக்குப் பிறகு பித்தநாளப் புற்றுநோய்களுக்கு அதுதான் அடிப்படை மருந்துக்கூட்டு. 2022இலிருந்து அதோடு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து சேர்ந்துகொண்டது. அடினோகார்சினோமாவுக்கு அது சரி. இந்த நோயாளிக்கு அது தவறான கதவு.

திசுவைப் பதித்த கண்ணாடியை நுண்ணோக்கியில் திரும்பப் பார்த்தபோது செல்கள் பெரிய கூடுகளாக அடைந்திருந்தன. கூட்டின் ஓரத்தில் வேலி வைத்ததுபோல் செல்கள் வரிசை கட்டியிருந்தன. நடுவே திசு செத்துப்போன திட்டுகள். உட்கரு பெரியது, அதற்குள் உட்கருமணி தெளிவு, சைட்டோபிளாசம் கணிசம். சிறுசெல் வகையென்றால் உட்கருமணி தெரியாது, சைட்டோபிளாசம் இருப்பதே தெரியாது, செல்கள் ஒன்றையொன்று அழுத்தி அச்சு வார்த்ததுபோல் நெளியும். இது பெருஞ்செல் வகை.

செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் சாயத் தொகுதியில், நியூரோஎண்டோகிரைன் அடையாளமான சினாப்டோஃபைசின் எல்லாச் செல்களிலும் பரவலாக ஏறியது. அதே வகை அடையாளமான ஐ.என்.எஸ்.எம்.1 உட்கருவில் பலமாக ஏறியது. குரோமோகிரானின் அங்கங்கே புள்ளி வைத்ததுபோல் மட்டும். சி.டி.56 ஏறியது, ஆனால் அது எளிதில் ஏமாற்றும் சாயம், பல வேறு கட்டிகளிலும் ஏறும், தனியாக அதை வைத்துப் பெயர் சூட்டக்கூடாது. சைட்டோகெராட்டின் 7 மெலிதாக ஏறி, இது கார்சினோமாதான் என்று உறுதி செய்தது. சி.டி.45, எஸ்.ஓ.எக்ஸ்.10 இரண்டும் ஏறாததால் லிம்ஃபோமாவும் மெலனோமாவும் விலகின. நுரையீரல் கட்டிகளில் வழக்கமாக ஏறும் டி.டி.எஃப்.-1 இங்கே ஏறவில்லை. ஏறியிருந்தாலும் நுரையீரலிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. நுரையீரலுக்கு வெளியே தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவிலும் அது ஏறும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது மார்பு சி.டி.தான்.

எத்தனை சதவீதச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கி-67 சாயம், மிக அடர்ந்த இடத்தில் 500க்கு மேற்பட்ட செல்களை எண்ணியதில் 85%. இந்த எண்ணை மட்டும் பார்த்து நிறுத்துவது இன்னொரு பொறி. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் கி-67 20%க்கு மேலிருக்கும் கட்டிகள் இரண்டு குடும்பம். ஒன்று, நன்கு வேறுபட்ட மூன்றாம் தரக் கட்டி, மற்றது கார்சினோமா. முன்னதில் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள் பெரிதாக வேலை செய்யாது. பின்னதில் அவைதான் முதல் ஆயுதம். பிரித்துக்காட்டுபவை, செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் இரண்டு புரதங்களுக்கான சாயங்கள்: ஆர்.பி. புரதம் இங்கே முற்றிலும் இல்லை. பி53 எல்லா உட்கருவிலும் அடர்த்தியாக ஏறியிருந்தது. இரண்டும் கார்சினோமாவின் கையெழுத்து. பி53 துளியும் ஏறாமல் வெறுமையாக இருந்தாலும் அதே பொருள்தான். "எதிர்மறை" என்று படித்து ஏமாறக்கூடாது.

2013இல் வெளியான நார்டிக் ஆய்வில் இத்தகைய 305 நோயாளிகளைப் பார்த்தார்கள். கி-67 55%க்குக் கீழே இருந்தவர்களில் பிளாட்டினம் கீமோவுக்குக் கட்டி சுருங்கியது 15% பேருக்குத்தான்; 55%ஐத் தொட்டவர்களில் 42% பேருக்குச் சுருங்கியது. ஆனால் வாழ்நாள் நேர்மாறாக இருந்தது: முன்னவர்களுக்கு 14 மாதம், பின்னவர்களுக்கு 10 மாதம். வேகமாகப் பெருகுவது வேகமாகச் சாகும், வேகமாகத் திரும்பவும் வரும். 85% என்ற எண் இந்த நோயாளிக்குச் சொன்ன செய்தி இதுவே: மருந்து கேட்கும், ஆனால் தாமதத்தைப் பொறுக்காது.

பித்தப்பையில் நியூரோஎண்டோகிரைன் செல் இயல்பாக இல்லை. நாள்பட்ட அழற்சியில் உட்சுவர் குடல், இரைப்பைச் சுவர்போல் உருமாறும்போது அச்செல்கள் தோன்றுகின்றன என்பது ஒரு விளக்கம்; அடினோகார்சினோமாவே உருமாறுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்துக்கு இந்த நிகழ்வில் பின்னால் ஒரு சாட்சி வரும். பித்தப்பைப் புற்றுநோய்களில் நியூரோஎண்டோகிரைன் வகை சுமார் 2% மட்டுமே. அரிது என்பதால் சாயம் போடாமல் விடுவார்கள். சாயம் போடாததால் அது இன்னும் அரிதாகத் தெரியும்.

எதை முதலில் செய்வது

நோயாளியின் கேள்வி எல்லாரும் கேட்பதுதான். "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா போயிடாதா டாக்டர்?"

"எடுக்கலாம்மா. ஆனா இது ரத்தத்துல சீக்கிரம் ஓடுற ஜாதி. இப்பவே கத்தி வெச்சா, காயம் ஆற ஆறு வாரம் மருந்து குடுக்க முடியாது. அந்த ஆறு வாரத்துல வேற எடத்துல முளைச்சிடும். மொதல்ல மருந்து, கட்டி கேட்டுச்சுன்னா ஆபரேஷன்."

இதைவிடச் சுருக்கமாக மருத்துவக் காரணத்தைச் சொல்ல முடியாது. பெருந்தமனி ஓரக் கணுவும் ஒளிர்ந்த நிலையில் முதலில் அறுப்பது, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுப்பதாகும். கட்டி சிறிதாக, கணு இல்லாமல் இருந்திருந்தால் முதலில் அறுவை, பிறகு நான்கு முதல் ஆறு சுற்று கீமோ என்பது சரியான வரிசை.

2022இல் வெளியான ஜப்பானின் டோபிக்-நெக் ஆய்வு, செரிமானப் பாதை நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா உள்ள 170 பேரில் எட்டோபோசைடு-சிஸ்பிளாட்டினையும் இரினோடிகான்-சிஸ்பிளாட்டினையும் ஒப்பிட்டது. இடைநிலை வாழ்நாள் 12.5 மாதம், 10.9 மாதம், புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. எட்டோபோசைடு தரப்பில் வெள்ளையணு சரிந்து காய்ச்சல் வந்தது 26.8%, மறு தரப்பில் 12.2%. இரினோடிகானைப் பின்னாளுக்கு ஒதுக்கி வைக்கலாம் என்பதால் எட்டோபோசைடு தேர்வானது. வெள்ளையணு ஊசியை முதல் சுற்றிலிருந்தே சேர்ப்பது என்றும் முடிவானது.

மருந்து நாள், கிட்டத்தில் நின்று

உயரம் 156 செ.மீ., எடை 54 கிலோ. உடல் பரப்பு 1.53 சதுர மீட்டர். கிரியாட்டினின் 0.7, காக்ராஃப்ட்-கால்ட் கணக்கில் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 75 மி.லி. சிஸ்பிளாட்டின் தாராளமாகக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் காது கேட்கும் அளவும் முதலிலேயே எடுக்கப்பட்டன.

சிஸ்பிளாட்டின் சதுர மீட்டருக்கு 25 மி.கி., அதாவது நாளைக்கு 38 மி.கி., மூன்று நாள். எட்டோபோசைடு சதுர மீட்டருக்கு 100 மி.கி., நாளைக்கு 150 மி.கி., அதே மூன்று நாள். 21 நாளுக்கு ஒரு சுற்று. சிஸ்பிளாட்டினை ஒரே நாளில் 75 மி.கி. கணக்கில் கொடுக்கும் முறையும் உண்டு. எடை இழந்து, குறைவாகச் சாப்பிடும் நோயாளிக்கு மூன்றாகப் பிரிப்பது வாந்திக்கும் சிறுநீரகத்துக்கும் இதமானது.

வாந்திக்கு முன்காப்பாக அப்ரபிடன்ட் 125, 80, 80 மி.கி.; டெக்ஸாமெதசோன்; பலோனோசெட்ரான் 0.25 மி.கி.; இரவில் ஒலான்சபின் 5 மி.கி. பிறகு ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடும் 2 கிராம் மக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்து இரண்டு மணி நேரம். மக்னீசியத்தை விட்டுவிட்டால் சிஸ்பிளாட்டின் அதைச் சிறுநீரில் கரைத்துவிடும். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் பிறகு ஏறாது. சிறுநீர் மணிக்கு 100 மி.லி. வந்த பின்தான் சிஸ்பிளாட்டின். அலுமினியம் உள்ள ஊசி, இணைப்புகள் கூடாது. கரும்படிவு உண்டாகி மருந்து வீணாகும்.

எட்டோபோசைடில் தவறு நடக்கும் இடம் பாட்டிலின் அளவு. அதன் செறிவு மி.லி.க்கு 0.4 மி.கி.யைத் தாண்டினால் குழாயிலேயே படிகமாகிவிடும். 150 மி.கி.யை 250 மி.லி. சலைனில் கலந்தால் செறிவு 0.6, ஒரு மணி நேரத்தில் பாட்டில் அடியில் மெல்லிய பனிபோல் ஊசிப் படிகங்கள் மினுங்கும். 500 மி.லி.யில் கலந்தால் 0.3, சரி. ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். பிலிருபின் 1.5ஐத் தாண்டினால் எட்டோபோசைடைப் பாதியாக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சுற்றின் காலையிலும் பிலிருபின் பார்த்தாக வேண்டும், பித்தப்பை நோயாளியிடம் குறிப்பாக.

நான்காம் நாள், மருந்து முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளையணு ஊசியான பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. தோலடியில். அடுத்த சுற்றைத் தொடங்க, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 1,500, தட்டணு ஒரு லட்சம் இருக்க வேண்டும். இரண்டாம் சுற்றின் 11ஆம் நாள் 38.4 டிகிரி காய்ச்சல், நியூட்ரோஃபில் 400. வீட்டில் பாராசிட்டமால் போட்டுப் பார்க்காமல் உடனே வந்ததால் ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏறியது. பித்தப்பையில் கட்டி உள்ளவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் அல்ட்ராசவுண்டும் கூடவே செய்ய வேண்டும். பித்தநாளச் சீழோ கல்லீரல் சீழ்க்கட்டியோ இருந்தால் மருந்து மட்டும் போதாது, வடிகால் வேண்டும். இங்கே அப்படி இல்லை.

இரண்டு சுற்று முடிந்து எடுத்த சி.டி.யில் கட்டி பாதிக்கும் கீழே. நான்கு சுற்று முடிவில் கட்டி 1.9 செ.மீ., கணையப் பின்கணு 0.9, பெருந்தமனி ஓரக் கணு 0.5. எல்.டி.எச். இயல்புக்கு வந்தது. இவ்வளவு நல்ல பதிலைப் பார்த்து "அறுவையே வேண்டாமோ" என்ற எண்ணம் வரும். அப்படி நினைப்பது தவறு என்பதை அறுத்தெடுத்த திசு காட்டியது.

அறுவை

நான்காம் சுற்று முடிந்து நான்கு வாரம் கழித்து. முதலில் லேப்பராஸ்கோப்பு, வயிற்றறைச் சவ்விலும் கல்லீரல் மேற்பரப்பிலும் நோய் விதை சிந்திப் பரவியிருக்கவில்லை. வயிற்றைத் திறந்ததும் முதல் வேலை பெருந்தமனி ஓரக் கணுவை எடுத்து உறைவெட்டுக்கு (திசுவை உறைய வைத்து, அறுவை நடக்கும்போதே பார்க்கும் பரிசோதனை) அனுப்புவது. அதில் உயிருள்ள நோய் இருந்தால் அங்கேயே நிறுத்தி மூடிவிடுவது என்று நோயாளியிடமும் குடும்பத்திடமும் முன்பே பேசியிருந்தது. முடிவு: நார்த்தழும்பு மட்டும்.

பிறகு கல்லீரலின் 4பி, 5ஆம் பகுதிகளோடு பித்தப்பையை ஒரே துண்டாக, எங்கும் திறக்காமல். பித்தப்பை கிழிந்து பித்தம் ஒழுகினால் நல்ல அறுவையும் கெட்டுவிடும். பித்தப்பை நாளத்தின் ஓரம் உறைவெட்டில் சுத்தம். அதனால் பொதுப் பித்தநாளத்தை எடுத்துக் குடலோடு இணைக்கத் தேவைப்படவில்லை. கல்லீரல் தமனி ஓரம், சிறுகுடல்-கல்லீரல் தசைநார், கணையத் தலைக்குப் பின்புறம் ஆகிய 8, 12, 13ஆம் நிலையங்களின் கணுக்கள் முழுவதும். குறைந்தது ஆறு கணுக்களாவது இல்லாமல் கணு நிலையைச் சொல்ல முடியாது; இங்கே ஒன்பது வந்தன. மூன்றாம் நாள் வடிகுழாய் நீரில் பிலிருபின் ரத்த அளவின் மூன்று மடங்கை எட்டவில்லை, அதாவது பித்தக் கசிவு இல்லை. ஏழாம் நாள் வீடு.

அறுத்த திசுவின் செய்தி

பித்தப்பையை மேலோட்டமாக இரண்டு மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தால் போதாது என்று நோய்க்குறியியல் துறையிடம் கேட்டுக்கொண்டதால் கட்டி முழுவதையும் கட்டைகளாக்கிப் பார்த்தார்கள். கட்டியிருந்த இடத்தின் பெரும்பகுதி தழும்பும் செத்த செல்களும். எஞ்சிய உயிருள்ள கட்டியில் ஏறக்குறைய 85% சுரப்பிக் குழாய்கள் அமைக்கும் அடினோகார்சினோமா. நியூரோஎண்டோகிரைன் பகுதி மீதி 15% மட்டுமே, கல்லீரல் ஓரத்தில். ஒரு கணுவில் அடினோகார்சினோமா. ஓரங்கள் சுத்தம், மிக நெருங்கிய ஓரம் 8 மி.மீ.

ஊசித் திசுவில் காணாத அடினோகார்சினோமா எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, முதலிலிருந்தே இருந்தது. ஊசி கணுவிலிருந்துதான் எடுத்தது. கணுவில் அப்போது ஓங்கி நின்றது வேகமான பங்காளி. எட்டோபோசைடு அவனைக் கரைத்தது, மெதுவானவன் மிஞ்சினான். இரண்டு பகுதியிலும் ஒரே டிபி53 மரபணு மாற்றம் இருந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இதுதான் முன்பு சொன்ன சாட்சி.

இதை "கலப்புக் கட்டி" என்று பெயரிட, ஒவ்வொரு பகுதியும் 30%ஆவது இருக்க வேண்டும் என்பது வகைப்பாட்டு விதி. கீமோ கொடுத்த பிறகு அந்த விகிதத்தை எண்ணிப் பயனில்லை. மருந்து ஒரு பக்கத்தைத் தின்ற பிறகு தராசில் வைப்பது போன்றது அது. அறிக்கையில் இரு பகுதிகளையும் தனித்தனியே விகிதத்தோடு எழுதிவிட்டால் போதும்.

அடுத்து என்ன கொடுப்பது என்பதற்கு இந்த நிலைக்கென்று நடந்த ஆய்வு எதுவும் வழிகாட்டாது. உயிரைத் தீர்மானிப்பது நியூரோஎண்டோகிரைன் பகுதிதான் என்பதால் மீதி இரண்டு சுற்றை முடிப்பது. பிறகு மிஞ்சி நின்ற அடினோகார்சினோமாவுக்காக, 2019இல் வெளியான பில்கேப் ஆய்வின் முறைப்படி கேபசிடபின் சதுர மீட்டருக்கு 1,250 மி.கி. நாளுக்கு இரு வேளை, 14 நாள் மருந்து 7 நாள் ஓய்வு என்று எட்டுச் சுற்று. இது ஒரு நியாயமான முடிவு, நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல என்பதை நோயாளியிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் காதில் இரைச்சல் தொடங்கியிருந்தது, கிரியாட்டினின் 0.9, எடை 52, வடிகட்டும் திறன் 56. சிஸ்பிளாட்டினைத் தொடர்ந்தால் காது திரும்பாது. அதனால் கார்போபிளாட்டினுக்கு மாற்றம். வடிகட்டும் திறனை வைத்துக் கார்போபிளாட்டின் அளவு பார்க்கும் கால்வர்ட் கணக்கில், ரத்தத்தில் எட்ட வேண்டிய மருந்து இலக்கான 5ஐ 56உம் 25உம் சேர்ந்த தொகையால் பெருக்கினால் 405. கொடுத்தது 400 மி.கி., முதல் நாள் மட்டும். எட்டோபோசைடு பழையபடி. கேபசிடபின் தொடங்கும் முன் டி.பி.ஒய்.டி. மரபணுப் பரிசோதனை: இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி அந்த மரபணுவிலிருந்து வருகிறது, அது குறைந்தவர்களுக்கு முதல் சுற்றே உயிருக்கு ஆபத்தாகும். முடிவு இயல்பு.

திரும்பி வந்தபோது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.டி. கேபசிடபின் ஐந்தாம் சுற்றில், கடைசிப் பிளாட்டினத்திலிருந்து நான்கு மாதத்தில், கல்லீரலின் இருபுறமும் மூன்று புதிய கட்டிகள். சி.ஏ. 19-9 இயல்பு. எல்.டி.எச். மறுபடி ஏறியிருந்தது.

இந்த இடத்தில் மறுபடி திசு எடுத்தே ஆக வேண்டும். அறுவைத் திசுவில் 85% அடினோகார்சினோமா என்று இருந்ததை நம்பி ஜெம்சிடபின் தொடங்கினால் ஆரம்பத்தில் தவிர்த்த அதே தவறு இரண்டாவது வாசல் வழியாக நுழையும். கல்லீரலில் பரவல் உறுதியான பின் வயிற்றுச்சுவர் வழி ஊசிக்குத் தடை இல்லை. முடிவு: பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா மட்டுமே, கி-67 90%. தனியாக எடுத்து வைத்த கட்டையில் செய்த மரபணுத் தொகுப்பில் டிபி53, ஆர்.பி.1 மாற்றங்கள், மைக்ரோசாட்டலைட் நிலையானது, பி.ஆர்.ஏ.எஃப். வி600இ இல்லை, ஹெர்2 பெருக்கம் இல்லை. மைக்ரோசாட்டலைட் நிலையின்மையோ, பி.ஆர்.ஏ.எஃப். மாற்றமோ, ஹெர்2 பெருக்கமோ இருந்திருந்தால், அதைக் குறிவைக்கும் மருந்துக்கான வேறு கதவு திறந்திருக்கும்.

பிளாட்டினம் முடிந்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் அதையே திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம். நான்கே மாதம் என்பதால் ஃபோல்ஃபிரி: இரினோடிகான் சதுர மீட்டருக்கு 180 மி.கி., லூக்கோவோரின் 400, ஃபுளூரோயுராசில் 400 நேராகவும் 2,400 நாற்பத்தாறு மணி நேரப் பம்பிலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இரினோடிகானை உடலிலிருந்து வெளியேற்ற உதவும் யு.ஜி.டி.1ஏ1 மரபணு முன்பே பார்க்கப்பட்டது. *28 மாற்றம் இரு பிரதியிலும் இருந்தால் இரினோடிகானைக் குறைத்துத் தொடங்க வேண்டும். மருந்து ஓடும்போதே வியர்த்து, எச்சில் ஊறி, வயிறு முறுக்கினால் அட்ரோபின் 0.25 மி.கி. தோலடியில். வீட்டுக்குப் போன பிறகு வரும் வயிற்றுப்போக்கு வேறு. முதல் முறை போனதுமே லோப்பராமைடு 4 மி.கி., பிறகு இரண்டு மணிக்கொருமுறை 2 மி.கி., நின்று 12 மணி நேரம் ஆகும் வரை. இதை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது நள்ளிரவில் நினைவுக்கு வராது.

சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் பிளாட்டினம்-எட்டோபோசைடோடு நோயெதிர்ப்பு மருந்து சேர்ப்பதைக் காட்டி, இங்கேயும் தரலாமா என்று குடும்பத்தினர் கேட்டார்கள். அங்கே அது ஆய்வில் நின்ற சிகிச்சை; பித்தப்பையின் இந்த வகையில் அப்படி நிற்கவில்லை. மருத்துவ ஆய்வு ஏதாவது நடந்தால் அதில் சேர்வதே சரியான வழி.

வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக் குழு ஃபோல்ஃபிரியின் முதல் நாளிலிருந்தே உடன் இருந்தது. கல்லீரல் உறை இழுபடும் வலிக்குக் குறைந்த அளவு மார்ஃபினோடு டெக்ஸாமெதசோன் 4 மி.கி. காலையில், மலச்சிக்கலுக்கு மருந்து மார்ஃபினோடு சேர்த்தே, ஆனால் இரினோடிகான் கொடுத்த முதல் சில நாட்களுக்கு அதை நிறுத்திவைத்து. நான்கு சுற்றுக்குப் பின் எடுத்த சி.டி.யில் மூன்று கட்டிகளும் வளராமல் நின்றன; எட்டாம் சுற்றுக்குப் பின் இரண்டு வளர்ந்து, வலது பித்தநாளம் அழுந்தி, பிலிருபின் 4.1 ஆனது. அதற்கு மேல் இரினோடிகான் கொடுப்பது நச்சு மட்டுமே. காமாலையின் அரிப்பு தாங்க முடியாததாக இருந்ததால், அதற்காக மட்டும் எண்டோஸ்கோப்பி வழியே உலோக ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஐந்தாம் நாள் அரிப்பு அடங்கி அவர் இரவு முழுதும் தூங்கினார்.